அம்மை போய்விட்டது, அம்மன் ஏன் போகவில்லை?

1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் பெரியம்மை வந்ததில்லை. 1977இல் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்று கிடைத்தது. 1980 மே 8ஆம் தேதி, உலகத்திலேயே பெரியம்மை இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை அறிவித்தது. மனிதர்களைத் தாக்கும் நோய்களில் இப்படி முழுசாக ஒழிந்தது இது ஒன்றுதான். இன்று ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற எந்த இந்தியரும் தன் ஊரில் ஒரு பெரியம்மை நோயாளியைப் பார்த்திருக்க முடியாது.

ஆனால் ஆடி வெள்ளிக்கிழமை எங்க ஊர்ப் பக்கம் வந்து பாருங்கள். வேலூரிலிருந்து பாகாயம், கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலை முழுக்க வேனும் ஷேர் ஆட்டோவும் பைக்கும்தான். எல்லாம் படவேட்டு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிற கூட்டம். வடக்குத் தமிழ்நாட்டில் ஏகப்பட்ட குடும்பங்களுக்கு அவள் குலதெய்வம். போகிற வழியில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில், கூழ்ப் பானை, வேப்பிலைத் தோரணம்.

அம்மை நோயின் தெய்வம் அம்மன் என்றால், நோய் ஒழிந்ததும் அவளும் மெல்ல மறைந்திருக்க வேண்டும் அல்லவா? ஐம்பது வருஷம் கழித்தும் கோயில்கள் பெருசாகிக்கொண்டேதான் போகின்றன. இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற கேள்வி. மத நம்பிக்கை மனித மனதில் எப்படி உருவாகிறது என்று ஆராய்கிறவர்கள் கடந்த முப்பது நாற்பது வருஷங்களில் நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோட்பாடுகள் எங்க ஊர் அம்மனிடம் எடுபடுகின்றனவா என்று பார்ப்பதே இந்தக் குறிப்பின் நோக்கம். கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை.

பயம் மட்டும் போதுமா?

பயம்தான் கடவுளைப் படைத்தது என்பது பழைய விளக்கம். ரோமானியர் காலத்திலேயே இது உண்டு. டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட மதத்தின் இயற்கை வரலாறு பற்றிய நூலிலும் எதிர்காலம் பற்றிய அச்சமும் நம்பிக்கையும்தான் மதத்தின் ஊற்று என்று வாதிட்டார். நம்ம ஊர் பகுத்தறிவு மேடைகளில் இதைக் கேட்காமல் யாரும் வளர்ந்திருக்க மாட்டோம்.

பெரியம்மையைப் பொறுத்தவரை இந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது. தடுப்பூசி போடாதவர்களுக்கு வந்தால் பத்தில் மூன்று பேர் சாவார்கள். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் தழும்பு, சிலருக்குக் கண் பறிபோகும். ஒரே வீட்டில் ஒரு குழந்தை சாகும், இன்னொன்று பிழைக்கும், மூன்றாவதற்கு வரவே வராது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு மறுபடி வராது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் பயம் மட்டுமே காரணம் என்றால் இரண்டு விஷயங்கள் இடிக்கின்றன. ஒன்று, பயம் போனபின் தெய்வம் போகவில்லை. இரண்டு, மனிதன் பயந்த எல்லாவற்றுக்கும் தெய்வம் இல்லை. இன்று எங்க சாலையில் நாம் தினமும் பயப்பட வேண்டியது லாரிக்கு. ஆனாலும் லாரியம்மன் என்று ஒருத்தி உருவாகவில்லை. லாரி ஓட்டுநரும் பழைய அம்மனுக்கே எலுமிச்சம்பழம் நசுக்குகிறார். ஆக, பயம் ஒரு பகுதிதான். மீதியை வேறு இடத்தில் தேட வேண்டும்.

அதிகம் அலறும் அலாரம்

ஸ்டூவர்ட் கத்ரி என்ற மானிடவியலாளர் 1980இல் ஒரு கட்டுரையாகவும், 1993இல் ஒரு நூலாகவும் முன்வைத்த யோசனை இது: மனித மனம் எங்கும் ஆளைத் தேடுகிறது. மேகத்தில் முகம் தெரிகிறது. இருட்டில் துணிக்கொடியில் தொங்குகிற சட்டை ஆள் மாதிரித் தெரிகிறது. அதற்கும் முன்பே, 1944இல், ஹைடர், சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெறும் முக்கோணங்களும் வட்டமும் நகர்கிற ஒரு சின்னப் படத்தைக் காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். பார்த்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் பெரிய முக்கோணம் சின்னதை விரட்டியது, மிரட்டியது என்று கதையே சொன்னார்கள்.

சர்வர் கண்காணிப்பில் வேலை செய்தவர்களுக்கு இந்தத் தர்க்கம் உடனே புரியும். அலாரத்தின் உணர்திறனைக் கூட்டி வைத்தால் ராத்திரி மூன்று மணிக்குச் சும்மா சும்மா எழுப்பும். குறைத்து வைத்தால் ஒருநாள் நிஜமாகவே சிஸ்டம் விழும்போது வாயை மூடிக்கொண்டிருக்கும். எந்தத் தப்புக்கு விலை அதிகம் என்று பார்த்துத்தான் அளவை வைப்போம். புதர் அசைந்தது காற்றாலா, சிறுத்தையாலா? காற்றைச் சிறுத்தை என்று நினைத்து ஓடினவனுக்கு நஷ்டம் கொஞ்சம் மூச்சு. சிறுத்தையைக் காற்று என்று நினைத்தவனுக்கு வாரிசே இல்லை. எனவே நமக்கு வாய்த்திருப்பது கொஞ்சம் அதிகமாகவே அலறும் அலாரம். ஜஸ்டின் பாரெட் போன்றவர்கள் ஆவி, பேய், தெய்வம் எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் என்றார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த அலாரத்திலிருந்து நேராகத் தெய்வ நம்பிக்கைக்கு வழி இருக்கிறது என்பதற்கான சோதனைச் சான்று குறைவு என்று அந்தத் துறைக்குள்ளேயே விமர்சனம் இருக்கிறது. சட்டையைப் பார்த்துப் பயந்தவன் விளக்கைப் போட்டதும் சிரித்துவிட்டுப் படுத்துவிடுகிறான். அதற்காக யாரும் கோயில் கட்டுவதில்லை. அலாரத்தைவிட நோய் விஷயத்தில் முக்கியமானது இன்னொரு கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

'எப்படி' என்பதும் 'ஏன் எனக்கு' என்பதும்

எவன்ஸ்-பிரிட்சர்ட் 1937இல் ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி எழுதிய நூலில் ஒரு தானியக் களஞ்சியம் வருகிறது. தூண்களின் மேல் நிற்கிற களஞ்சியம். வெயிலுக்கு அதன் நிழலில் மக்கள் உட்கார்ந்திருக்கும்போது சில சமயம் சரிந்து விழுந்துவிடும். கரையான் அரித்ததால் விழுந்தது என்று அசாண்டேகளுக்கு நன்றாகவே தெரியும். நிழலுக்காக ஆட்கள் அங்கே உட்கார்ந்தார்கள் என்பதும் தெரியும். ஆனால் இந்த இரண்டும் அதே நிமிஷத்தில் ஏன் சந்தித்தன? இந்த ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஏன்? அதற்கு அவர்கள் சொன்ன பதில் சூனியம்.

நம்ம தோல் பட்டையிலும் இப்படி ஒரு சுவர் விழுந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேறு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். சுவர் எப்படி உடைந்தது என்பதற்குப் பொறியாளர் பதில் சொல்லிவிடுவார். அது தாங்குகிற அளவுக்கு மேல் சேறு. ஆனால் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு தாய் கேட்பது அந்தக் கேள்வியை அல்ல. அன்றைக்கு ராத்திரி, அந்த இடத்தில், என் பிள்ளை ஏன் படுத்திருந்தான் என்பதுதான். இதற்கு அறிவியலில் ஒரே பதில், தற்செயல். துக்கத்தில் இருக்கிறவருக்கு அது பதில் மாதிரியே கேட்காது.

'எப்படி' என்பதும் 'ஏன் எனக்கு' என்பதும் இரண்டு தனித்தனி கேள்விகள். ஒன்றுக்குப் பதில் கிடைப்பதால் மற்றது மறைந்துவிடுவதில்லை. கிறிஸ்டின் லெகேர், சூசன் கெல்மன் இருவரும் தென்னாப்பிரிக்காவில் எய்ட்ஸ் பற்றி ஆராய்ந்து 2008இல் எழுதியதும் இதையே காட்டுகிறது. வைரஸ் பற்றி நன்றாகத் தெரிந்த பெரியவர்களிடமும் சூனிய விளக்கம் அப்படியே இருந்தது. படிப்பு ஏற ஏற, வயது ஏற ஏற மூடநம்பிக்கை தானாக வெளியேறும் என்று எதிர்பார்த்தால் அப்படி நடக்கவில்லை. இரண்டும் ஒரே தலைக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன.

அந்த 'ஏன் எனக்கு' என்ற கேள்விக்கு எங்க ஊர்ப் பதில், 'அம்மா வந்திருக்கா'. இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். நோய் வந்தது என்றோ, அம்மன் தண்டித்தாள் என்றோ சொல்வதில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி, அம்மா வந்திருக்கிறாள். கொப்புளத்துக்குப் பெயர் முத்து. ஒரு குடும்பத்துக்கு வரக்கூடிய மிக மோசமான நாளைத் தாங்கிக்கொள்கிற மாதிரி மாற்றித் தருகிற மொழி இது.

தலை ஒன்று, உடல் ஒன்று

சரி, கேள்வி எல்லா ஊருக்கும் பொது. பதிலாக இந்த அம்மன் வந்தது எப்படி? இங்கேதான் கதை வருகிறது.

ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகா. கற்பின் பலத்தால் சுடாத மண்ணில் குடம் செய்து ஆற்றில் தண்ணீர் எடுத்து வருவாள். ஒருநாள் தண்ணீரில் ஒரு கந்தர்வனின் நிழலைப் பார்த்து ஒரு கணம் மனம் சலிக்க, குடம் உடைந்துபோகிறது. தாயின் தலையை வெட்டச் சொல்லி மகன் பரசுராமனுக்குத் தந்தை ஆணையிடுகிறார். ஓடுகிற ரேணுகா ஒரு தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, ஒரே வெட்டில் இரண்டு தலையும் விழுகின்றன. உயிர்ப்பிக்க வரம் கிடைத்ததும் அவசரத்தில் தலைகள் மாறிவிடுகின்றன. வெட்டும் உயிர்ப்பும் மகாபாரதத்திலும் உண்டு. தலை மாறுவது நம்ம பக்கத்து வாய்மொழிக் கதை.

இதைத்தான் குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி நடத்திக் காட்டுகிறார்கள். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு மட்டும் ஊர்வலமாகப் புறப்பட்டு, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலில் வேறொரு உடலில் பொருத்தப்படுகிறது. அந்த உடலை ஊரில் சண்டாளச்சி உடல் என்கிறார்கள். சாதி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. வடக்குத் தமிழ்நாட்டின் பல அம்மன் கோயில்களில் கழுத்துக்கு மேலே மட்டும் சிலை இருப்பதற்கும் மக்கள் இந்தக் கதையைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

பாஸ்கல் பொயர் என்ற மானிடவியலாளர் சொல்கிற ஒரு விஷயம் இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. மனதில் தங்குகிற அமானுஷ்யக் கதைகள் நம் எதிர்பார்ப்பை ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் மீறும், மற்றபடி சாதாரணமாக இருக்கும் என்கிறார் அவர். சுவருக்குள் புகுந்து போகும் ஆள் நினைவில் நிற்பான். சுவருக்குள் புகுந்து, வியாழக்கிழமை மட்டும் இருந்து, பின்னோக்கி வாழ்ந்து, இரும்பால் ஆன ஆள் என்றால் அடுத்த நாள் மறந்துவிடும். முழுக்கச் சாதாரணமானவனும் மறந்துவிடுவான். ரேணுகா கோபப்படுவாள், பயப்படுவாள், ஓடுவாள், பிள்ளையைப் பெற்றவள். எல்லாம் நம் வீட்டுப் பெண் மாதிரி. மீறல் ஒன்றுதான்: தலையும் உடலும் ஒருத்தியுடையது அல்ல.

அது எவ்வளவு ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு ஓர் உதாரணம். பியேர் சொன்னெரா என்ற பிரெஞ்சுப் பயணி 1782இல் வெளியிட்ட நூலில் மாரியாத்தாள் கதையாக இதைப் பதிவு செய்தார். அது ஜெர்மனிக்குப் போய், கவிஞர் கோத்தே அதை வைத்து 1820களில் கவிதை எழுதினார். ஆற்காட்டுச் சீமையின் சாதியும் தெரியாது, அம்மையின் தெய்வமும் தெரியாது. கதை மட்டும் கடல் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டது.

ஆனால் பாருங்க, கோத்தே மாரியம்மனைக் கும்பிடவில்லை. கதை மனதில் நிற்பது வேறு, தெய்வமாவது வேறு. மிக்கி மவுஸும் பேசுகிற எலிதான், எல்லோருக்கும் நினைவிருக்கிறது, யாரும் தேங்காய் உடைப்பதில்லை. இந்தத் துறையில் இதற்கு மிக்கி மவுஸ் சிக்கல் என்றே பெயர்.

கூழும் தீமிதியும்

இந்தச் சிக்கலுக்கு ஜோசப் ஹென்ரிக் 2009இல் ஒரு விடை சொன்னார். வாயால் நம்புகிறேன் என்பது மலிவு. நம்பாவிட்டால் செய்ய மாட்டார்கள் என்று தோன்றுகிற செயலைப் பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத்தான் அடுத்த தலைமுறை நம்புகிறது. பாட்டி அம்மனைப் பற்றிச் சொன்ன கதையைவிட, பாட்டி ஒரு வாரம் காப்புக் கட்டி, விரதம் இருந்து, தீக்குழியில் இறங்கி நடந்ததைப் பார்த்த குழந்தைக்கு அம்மன் வேறு மாதிரி நிஜமாகிறாள்.

இதற்கு நம்ம மாநிலத்திலேயே எடுத்த தரவு இருக்கிறது. எலினர் பவர் என்ற மானிடவியலாளர் தென் தமிழ்நாட்டின் இரண்டு கிராமங்களில் தங்கி, யார் யாருக்கு உதவுகிறார்கள், யார் கடன் தருகிறார்கள், யாரிடம் யோசனை கேட்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் பதிந்தார். 2017இல் வந்த அவருடைய கட்டுரைகளின் முடிவு: தவறாமல் வழிபடுகிறவர்களையும் தீமிதி, அலகு போன்ற கடினமான நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்களையும் ஊர் நல்ல குணமுள்ளவர்கள் என்று மதிக்கிறது. ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் உறவுகளும் அவர்களுக்குக் கூடுதலாக இருக்கின்றன. கைமாற்றாக ஐயாயிரம் கேட்கப் போகும்போது இது சின்ன விஷயம் இல்லை.

கடல் கடந்த தமிழர்களிடம் இன்னொரு ஆய்வு. மொரீஷியஸில் தைப்பூசக் காவடி நாளில் திமித்ரிஸ் சிகலாட்டாஸ் குழுவினர் மக்களுக்கு 200 ரூபாய் கொடுத்து, விரும்பியதைக் கோயிலுக்கு ரகசியமாக நன்கொடை போடலாம் என்றார்கள். சாதாரணக் கூட்டுப் பிரார்த்தனைக்கு வந்தவர்கள் போட்டதைவிட, காவடி எடுத்தவர்கள் கணிசமாக அதிகம் போட்டார்கள். கூடவே நடந்து பார்த்தவர்கள் அதைவிடவும் அதிகம், பிரார்த்தனைக் கூட்டத்தாரைப் போல இரண்டு பங்கு. வலி பட்டவரை மட்டும் அல்ல, பார்த்தவரையும் சடங்கு ஊருக்குள் இழுத்துக் கட்டுகிறது.

இப்போது ஆடிக் கூழைப் பாருங்கள். விதை நிலத்துக்குப் போய், வீட்டில் தானியக் கையிருப்பு குறைகிற மாதம். அந்த நேரத்தில் வீட்டுக்கு வீடு கேழ்வரகு மாவு வசூலித்து, கூழ் காய்ச்சி, முருங்கைக்கீரையோ கருவாட்டுக் குழம்போ சேர்த்து, வந்தவருக்கெல்லாம் ஊற்றுகிறார்கள். வசூலில் உன் வீடு கொடுத்ததா இல்லையா என்பது தெருவுக்கே தெரியும். வெளியூரில் வேலை செய்கிறவன் அந்த ஒருநாள் வந்தானா என்பதும் தெரியும். யார் வீட்டு வரிசை முதலில், ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும், எந்தத் தெருவுக்குள் நுழையாது என்பதில் சாதியும் தெரியும். ஊரைச் சேர்க்கிற அதே சடங்கு ஊரைப் பிரித்தும் காட்டுகிறது.

இந்த வேலை எதற்கும் பெரியம்மை தேவையில்லை. நோய் ஒழிந்தபோது அம்மனிடமிருந்து போனது ஒரு பொறுப்பு மட்டும்தான். மழை, குழந்தைப் பேறு, சின்னம்மை, கல்யாணம், ஊர்க் கணக்கு எல்லாம் அவளிடமே இருந்தன.

புது நோய் வந்தபோதும் அச்சு பழையதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூரைப் பிளேக் உலுக்கியபோது அங்கே பிளேக் மாரியம்மன் கோயில்கள் வந்தன. அதே கோவையில் 2021 மே மாதம் கொரோனா தேவிக்கு ஒரு ஆதீனத்தில் சிலை வைத்தார்கள், பத்திரிகையெல்லாம் எழுதின. ஆனால் எங்க ஒன்றியத்தில் கொரோனா தேவிக்கு யாரும் கூழ் ஊற்றி நான் பார்க்கவில்லை. அவளுக்குச் சிலை இருந்தது. வசூல் நோட்டும், வரிசை முறையும், பாட்டி நடந்த தீக்குழியும் இல்லை.

வேப்பிலைக்குப் பின்னால்

சடங்குக்குள் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாள் உள்ளே வரக்கூடாது. வீட்டார் விசேஷத்துக்குப் போகக்கூடாது. எண்ணெய்ச் சட்டி வைத்துத் தாளிக்கக்கூடாது. நோயாளிக்கு இளநீர், மோர், கூழ். முத்து உதிர்ந்து, தலைக்குத் தண்ணி ஊற்றும் வரை இதுதான் சட்டம்.

கிருமி பற்றித் தெரியாமலே ஒரு தனிமைப்படுத்தல் முறை இதில் உருவாகியிருக்கிறது. யாரும் திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. கடைப்பிடித்த வீடுகள் கொஞ்சம் கூடப் பிழைத்திருந்தால் போதும், பழக்கம் தானாகப் பரவும். அம்மன் கோபிப்பாள் என்பது அந்தச் சட்டத்துக்கான காவல். தாளிக்காமல் இருப்பதால் என்ன பயன் என்று கேட்டால், எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. பழைய கோடில் பல வரிகள் எதற்கென்று தெரியாமலே இருக்கும், எடுத்தால் என்ன உடையுமோ என்று யாரும் தொட மாட்டார்கள். அந்த மாதிரி.

ஆனால் இதே நம்பிக்கை எதிராகவும் வேலை செய்தது. அம்மா வந்திருப்பதை வெளியே சொல்லக்கூடாது, ஊசி போட்டால் கோபிப்பாள் என்று நோயாளிகளை மறைத்தார்கள். ஒழிப்புத் திட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பெரியம்மை இருக்கும் இடத்தைச் சொல்பவருக்கு 1000 ரூபாய்வரை பரிசு அறிவித்ததற்கு, மறைந்திருக்கும் நோயாளியைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்ததே காரணம்.

இந்த மோதலுக்கு ரொம்ப முன்பே ஒருவர் வேறு வழி பார்த்தார். சென்னைக் கலெக்டராக இருந்த, திருக்குறளை மொழிபெயர்த்த, பிரான்சிஸ் வைட் எல்லிஸ். 1802இல் இந்தியாவுக்குத் தடுப்பூசி வந்தது, மக்கள் தயங்கினார்கள். அம்மனும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதுபோல ஒரு தமிழ்க் கதையை எல்லிஸ் எழுதினார், பசுவிடமிருந்து வரும் அம்மைப்பாலை அம்மனே அருளிய பொருளாகக் காட்டி. இதைச் சாமர்த்தியம் என்பதா, பொய் என்பதா? வரலாற்றாசிரியர்கள் இதற்கு வைத்த பெயர் 'பக்தி மோசடி' என்ற பொருள் தருவது. எனக்கும் பொய்க்கதை எழுதித் தருவதில் உடன்பாடில்லை. ஆனால் 'ஏன் எனக்கு' என்ற கேள்வியை விட்டுவிட்டு வெறும் ஊசியோடு போனால் கதவு திறக்காது என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார்.

இன்று கணியம்பாடியில்

இது வெறும் பழங்கதை என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அம்மை போனது, ஆனால் 'ஏன் எனக்கு' என்ற கேள்வி இன்று இன்னொரு நோயின் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. மனநோய்.

கணியம்பாடி ஒன்றியம் வேலூர் சி.எம்.சி.யின் சமூக மருத்துவப் பணிக்களம். பல பத்தாண்டுகளாகக் கிராமம் கிராமமாகப் பிறப்பு, இறப்பு, நோய் எல்லாம் பதிவாகிறது. உலகப் பொதுச் சுகாதார ஆய்வுகளில் எங்க ஊர்ப் பெயர் அடிபடுவதற்குக் காரணம் இதுதான். அங்கே மனநல மருத்துவர் கே. எஸ். ஜேக்கப்பும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தீவிர மனநோய் உள்ள ஒருவரின் கதையைச் சொல்லி, இதற்கு என்ன காரணம் என்று கிராமச் சுகாதாரப் பணியாளர்களிடமே கேட்டார்கள். செய்வினை, கெட்ட ஆவி, வறுமை என்ற பதில்கள் முன்னால் நின்றன. ஊருக்கு மருத்துவத்தைக் கொண்டுபோகிறவர்களின் பதில் இது. 2007இல் வந்த இன்னொரு ஆய்வில், முதல்முறையாக மனச்சிதைவு நோய்க்கு ஆளான 131 பேரிடம் கேட்டபோது சுமார் 70 சதவீதம் பேர் தெய்வ, அமானுஷ்யக் காரணங்களைச் சொன்னார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களை ஒரே நேரத்தில் நம்பியவர்கள் 22 சதவீதம்.

இங்கே விலை கொஞ்சநஞ்சமில்லை. மனச்சிதைவில் சிகிச்சை தொடங்கத் தாமதமாகத் தாமதமாக, பிறகு தேறுவது கடினமாகிறது. எங்க பக்கம் பாதை பொதுவாக இப்படிப் போகும்: முதலில் பூசாரி, அப்புறம் குறி, அப்புறம் தர்காவில் மந்திரித்துத் தாயத்து. மதம் பார்ப்பதில்லை, இந்து வீடுகளும் தர்காவுக்குப் போகும். கையில் பணம் தீர்ந்தபின்தான் ஆஸ்பத்திரி.

அப்படியானால் கோயிலும் தர்காவும் வெறும் தடைதானா? 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு யோசிக்க வைக்கும். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அளந்து பார்த்தார்கள். சில வாரத் தங்கலில் நோய்க்குறி அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே கட்டிப்போடுவதோ அடிப்பதோ இல்லை. குடும்பத்தோடு தங்கல், சின்னச் சின்ன வேலை, யாரும் விரட்டாத ஓர் இடம். அதற்கு முந்தைய வருஷம், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. தெய்வம் குணமாக்கும் என்ற அதே நம்பிக்கையோடுதான் இந்த இரண்டு இடத்துக்கும் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டன. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது.

அதனால் நம்பிக்கை உண்மையா என்று கேட்பதைவிட, இந்த விளக்கத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்று கேட்பது எனக்குப் பயனுள்ளதாகத் தெரிகிறது. 'அம்மா வந்திருக்கா' என்ற விளக்கம் யாரையும் குற்றவாளி ஆக்குவதில்லை. 'செய்வினை' அப்படி இல்லை. அது பக்கத்து வீட்டுக்காரியை, வந்த மருமகளை, சொத்துத் தகராறில் இருக்கும் பங்காளியைக் கை காட்டும். நோயாளி சங்கிலியில், பக்கத்து வீட்டுப் பெண் பழியில். இரண்டையும் மூடநம்பிக்கை என்ற ஒரே மூட்டையில் கட்டினால் எதோடு சமாதானம் போகலாம், எதை விடாமல் எதிர்க்க வேண்டும் என்பது தெரியாமல் போய்விடும்.

மருத்துவர்களுக்கு ஜேக்கப் போன்றவர்கள் எழுதிவருவதும் கிட்டத்தட்ட இந்தத் திசைதான்: ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள் என்று முதலில் குடும்பத்தைக் கேளுங்கள், நையாண்டி செய்யாதீர்கள், மருத்துவ விளக்கத்தையும் தெளிவாகப் பக்கத்தில் வையுங்கள். மனம் இரண்டையும் வைத்துக்கொள்ளும் என்றுதான் தென்னாப்பிரிக்காவும் கணியம்பாடியும் காட்டுகின்றன. பரிகாரம் செய்துவிட்டு வாங்க, மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க என்று சொல்கிற ஒரு நர்ஸ், அது பேய் இல்லை, பேத்தல் என்று சொல்கிற ஒரு பொறியாளரைவிட ஒரு பிள்ளையை ஆறு மாதம் முன்னதாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிடுவார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெரியம்மையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இன்று அறுபது, எழுபது வயசுக்கு மேல். அம்மா வந்த வீட்டில் என்னென்ன செய்தார்கள், யாரை உள்ளே விட்டார்கள், ஊசிக்காரர் வந்தபோது என்ன நடந்தது என்று உங்க வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தேதியும் ஊரும் போட்டு எழுதி வையுங்கள். எங்க ஒன்றியத்தில் நான் ஆரம்பித்துவிட்டேன், இதுவரை பேசினவர்களில் இரண்டு பேர் சொன்னது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவே இல்லை. அதுவும் குறித்து வைக்க வேண்டியதுதான்.